நியூட்ரான் சிதறலில் காந்தப் பொருள்கள்: முகட்டைக் கண்டதும் நம்பிவிடாதீர்கள்

காந்தப் பொருள்மீது நியூட்ரான் கற்றையைச் செலுத்தி, அது சிதறும் கோணங்களில் தெரியும் செறிவு முகடுகளைப் படிக்கும் அளவீடு பெரும்பாலும் மாதிரி தயாரிக்கும்போதே கெட்டுவிடுகிறது. மாதிரி எவ்வளவு நியூட்ரான்களை விழுங்கும் (உட்கவர்தல்) என்று கணக்குப் போடாமல் ஆய்வு மையத்தில் கற்றை நேரம் கேட்பதுதான் முதல் தவறு. இயற்கைக் கடோலினியத்தின் உட்கவர் குறுக்குப்பரப்பு, அதாவது ஓர் அணு நியூட்ரானை விழுங்கும் வாய்ப்பின் அளவு, 1.8 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் சுமார் 49,700 பார்ன் (அதன் அலகு). அந்த உலோகத்தில் 7 மைக்ரோமீட்டர் போவதற்குள் கற்றையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தீர்ந்துவிடும். அதிகம் உட்கவராத, 160 நிறை எண் கொண்ட கடோலினிய ஐசோடோப்பை வாங்கியாயிற்று என்று நிம்மதியடையவும் கூடாது. சான்றிதழில் 157-இன் அளவைப் பாருங்கள். அதன் குறுக்குப்பரப்பு 2,50,000 பார்னுக்கு மேல். அரை சதவீதம் மிஞ்சினாலே சராசரி 1,250 பார்னைத் தாண்டும். வலுவாக உட்கவரும் மற்றோர் உலோகமான இயற்கை டிஸ்புரோசியத்துக்கே 994தான்.

ஹைட்ரஜன் அதிகம் உட்கவர்வதில்லை, பின்னணியைத் தூக்கிவிடும். ஓர் அணுவுக்கு 80 பார்ன் ஒத்திசைவற்ற சிதறல்; முகடாகச் சேராமல் எல்லாத் திசையிலும் பரவுவது. அதைத் தவிர்க்கச் சேர்மத்தைக் கன ஹைட்ரஜனான டியூட்டீரியத்தில் செய்துவிட்டு, படிகத்தைச் சாதாரணப் பசையால் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்! ஃப்ளூரின் ஏற்றிய பசையோ அலுமினியக் கம்பியோ போதும்.

தூள் மாதிரியை வெற்றிடத்தில் அடைத்தால், வெப்பநிலை உணரி 2 கெல்வின் காட்டும்போதும் தூள் அதைவிடச் சூடாகவே இருக்கும். குப்பியில் ஹீலியம் நிரப்பி, இண்டியம் கம்பியால் மூடுங்கள். ரப்பர் வளையம் குளிரில் விறைத்துக் கசியும். வெப்பநிலை குறையக் குறைய முகட்டின் உயரம் ஓரிடத்தில் அப்படியே நின்றுவிட்டால், காந்த ஒழுங்கு முழுமை பெற்றுவிட்டது என்று முடிவு கட்டுமுன் இந்தக் குப்பியைச் சந்தேகியுங்கள்.

அதிகம் ஏமாற்றுவது அரை அலைநீளம். 2.4 ஆங்ஸ்ட்ராமுக்குத் திருப்பிய கிராஃபைட் ஒற்றைநிறமாக்கி (கற்றையிலிருந்து ஓர் அலைநீளத்தைத் தேர்ந்தெடுக்கும் படிகம்), 004 தளத்தின் வழியாக 1.2 ஆங்ஸ்ட்ராமையும் அனுப்பும். அது 100 என்ற தளத்தின் அணுக்கரு முகட்டில் (அணுக்கருக்கள் தரும் முகடு) சிதறி, சரியாக ½ 0 0, அதாவது இருமடங்கு இடைவெளிக்கான முகடு, இருக்க வேண்டிய கோணத்திலேயே வந்து விழும். அணுக்களின் காந்தங்கள் எதிரெதிராக அடுக்கிய ஆன்ட்டிஃபெர்ரோ காந்தம், படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அலகுக்கூட்டை இரட்டிப்பாக்கினால் முகடு வரும் இடமும் அதுவே. 1949-இல் ஷல்லும் ஸ்மார்ட்டும் மாங்கனீஸ் மோனாக்சைடில் கண்ட கூடுதல் முகடு 80 கெல்வினில் இருந்தது, அறை வெப்பநிலையில் இல்லை. அதனால்தான் அது நம்பத்தக்க சான்றாயிற்று. ஆன்ட்டிஃபெர்ரோ ஒழுங்கு மறையும் நீல் (Néel) வெப்பநிலையைத் தாண்டியும் உங்கள் முகடு அசையாமல் நின்றால், அரை அலைநீளத்தைத் தடுக்கும் கிராஃபைட் வடிகட்டியைச் சேர்த்து மீண்டும் அளந்து பாருங்கள். சிலிக்கன் அல்லது ஜெர்மானியத்தின் 111 தளத்தில் 222 தடைப்பட்டிருப்பதால் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. அப்போதும் மிஞ்சுவது, ஒரே நியூட்ரான் படிகத்தில் இருமுறை சிதறும் இரட்டைச் சிதறலாக இருக்கலாம். சிதறல் திசையனையே (நியூட்ரானின் திசை மாற்றத்தைக் குறிப்பது) அச்சாக வைத்துப் படிகத்தைச் சுழற்றுங்கள். செறிவு தாறுமாறாக ஏறி இறங்கினால் அது இரட்டைச் சிதறல்தான். சூடாக்கியதும் மறைகிற முகடுகூட அமைப்பு மாற்றத்தால் வந்ததாக இருக்கக்கூடும். காந்த முகடுகள் வடிவக் காரணியால் (காந்தத்தைத் தரும் எலக்ட்ரான்கள் அணுவில் பரவியிருப்பதன் விளைவு) பெரிய கோணங்களில் வலுவிழக்கும். அணு இடப்பெயர்ச்சியால் வருபவை பொதுவாக அங்கே வலுவடையும்.

காந்தப் பங்கை மட்டும் பிரிக்கக் குளிர்நிலைப் பதிவிலிருந்து சூட்டுநிலைப் பதிவைக் கழிக்கும்போது 300 கெல்வின் பதிவை எடுத்தால், அணிக்கோவை சுருங்கியதால் ஒவ்வொரு அணுக்கரு முகட்டருகிலும் ஒரு மேடும் பள்ளமும் மிஞ்சும். நீல் வெப்பநிலை 40 என்றால் 60 கெல்வின் அருகே எடுப்பது நல்லது. மிக ஒட்டி எடுத்தால் குறுந்தூர ஒழுங்கின் பரவிய சிதறலையும் சேர்த்துக் கழித்துவிடுவீர்கள்.

கணக்கிட்ட முகடுகளை அளந்தவற்றோடு பொருத்தும் கட்டத்தில், இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரும் அளவுக் காரணியை அணுக்கரு முகடுகளிலிருந்து எடுத்து நிலைநிறுத்திய பிறகே காந்தத் திருப்புத்திறனை (ஒவ்வோர் அணுவின் காந்த வலிமை) மாற விடுங்கள். 2+ மின்னூட்டம் கொண்ட மாங்கனீஸ் அயனிக்கு, திருப்புத்திறனின் அலகான போர் மேக்னெட்டானில் 6 வந்தால் தவறு உங்களுடையது. 5-க்கு மேல் போக அதற்கு வழியில்லை. சிதறல் திசையனுக்குச் செங்குத்தான கூறு மட்டுமே நியூட்ரானுக்குத் தெரியும். ஆகவே கனசதுரப் பொருளின் தூளை வைத்து, ஒரே அச்சில் அடுக்கிய திருப்புத்திறன்கள் எந்தத் திசையில் நிற்கின்றன என்று சொல்ல முடியாது. நான்முகச் சமச்சீரில் சி அச்சோடு அவை கொள்ளும் கோணம் கிடைக்கும், அதற்கு மேல் இல்லை. மென்பொருள் மூன்று கூறுகளையும் பிழை வரம்போடு அச்சிட்டுத் தரும்தான்; அதை அப்படியே அட்டவணையில் போடாதீர்கள்.