சிக்னல் நேரத்தைக் கணினியிலேயே சோதித்துப் பார்க்கலாம்

சிக்னலில் பச்சை எத்தனை வினாடி எரியலாம் என்று நடுரோட்டில் மாற்றி மாற்றிப் பார்க்க முடியாது. கணினியில் முடியும். சாலைப் போக்குவரத்தைக் கணினியில் போலியாக ஓட்டிக் காட்டும் சுமோ (SUMO) என்ற இலவச மென்பொருள் போதும். ஜெர்மன் விண்வெளி மையம் உருவாக்கியது. நிறுவும்போதே நெட்எடிட் என்ற வரைகருவியும் கூட வரும்.

முதலில் நெட்எடிட்டில் ஒரு நாற்சந்தி வரையுங்கள். பக்கத்துக்கு 500 மீட்டர், ஒரே தடம். எல்லா வண்டியும் நேராகவே போகட்டும். திரும்புவதைச் சேர்த்தால் ஆரம்பத்திலேயே தலை சுற்றும்.

அப்புறம் வண்டிகள். கிழக்கு, மேற்கிலிருந்து தலா மணிக்கு 720. வடக்கு, தெற்கிலிருந்து தலா 360. இப்படியே கொடுத்தால் 5 வினாடிக்கு ஒன்று, 10 வினாடிக்கு ஒன்று என்று அளந்து வைத்தாற்போல் வரும். எந்தச் சாலையில் அப்படி வருகிறது? வினாடிக்கு 0.2, 0.1 நிகழ்தகவு என்று கொடுங்கள். கொத்தாகவும் விட்டுவிட்டும் வரும்.

பச்சை நேரத்துக்குப் போக்குவரத்து ஆய்வாளர் வெப்ஸ்டர் 1958-இல் தந்த சூத்திரம் இன்றும் நல்ல தொடக்கம்:

சுழற்சி நேரம் = (1.5 × வீணாகும் நேரம் + 5) ÷ (1 − சுமை)

ஒரு தடம் மணிக்கு 1800 வண்டிகளை விடும் என்று வைத்துக்கொள்வோம். 720/1800 = 0.4, 360/1800 = 0.2, இரண்டும் சேர்ந்து சுமை 0.6. மஞ்சள் 3 வினாடி, எல்லாப் பக்கமும் சிவப்பு 1 வினாடி, இரு முறை, வீணாவது 8. விடை 42.5, சரி, 43 வினாடி. அதில் 8 போக மீதி 35-ஐ இரண்டுக்கு ஒன்றாகப் பிரித்தால் பச்சை 23, 12.

இதற்குப் போட்டியாக, வண்டி வரவைப் பார்த்து மாறும் ஆக்சுவேட்டட் வகையை வையுங்கள். வண்டிகளுக்கு இடையே 3 வினாடிக்கு மேல் இடைவெளி விழுந்தால் பச்சை மறுபக்கம் போய்விடும். குறைந்தது 5, அதிகபட்சம் 40 வினாடி என்று எல்லை கொடுங்கள்.

இரண்டையும் ஒரு மணி நேரம் ஓட்டி, பயண விவரக் கோப்பில் சராசரி நேர இழப்பை (தடையின்றிப் போவதைவிடக் கூடுதலாக ஆன நேரம்) ஒப்பிடுங்கள். ஒரே ஓட்டத்தை நம்பாதீர்கள். வண்டிகள் தற்செயலாக வரும் விதத்தை மாற்றும் சீட் (seed) எண்கள் பத்து, இரண்டு வகைக்கும் அதே பத்து.

நான் ஏமாந்த இடம் ஒன்று உண்டு. சுழற்சி 43-ஐ மாற்றாமல் கிழக்கு-மேற்குப் பச்சையை 15 ஆகக் குறைத்துப் பார்த்தேன். பயந்த அளவுக்கு முடிவு மோசமில்லை! பிறகுதான் புரிந்தது: சுமோவில் நிற்கும் கார் இடைவெளியோடு 7.5 மீட்டர் எடுக்கும். 500 மீட்டரில் 66 கார்தான் அடங்கும். மற்றவை சாலைக்குள் நுழையவே முடியாமல் வெளியே காத்திருந்தன. அந்தக் காத்திருப்பு நேர இழப்பில் சேராது, புறப்பாட்டுத் தாமதம் என்று தனியாக வரும். பயணம் முடியாத வண்டிகளோ, தனியாகக் கேட்டாலொழிய கோப்பிலேயே இருக்காது. 300 வினாடி நகராமல் நிற்கும் வண்டியைச் சுமோ தானாகத் தூக்கி முன்னால் போட்டுவிடும். அந்த அமைப்பை (time-to-teleport) −1 ஆக்கி நிறுத்திவிட்டு ஓட்டுங்கள்.