பேஸ் லைன் அமைக்கும் முறை: தாளம் முதலில், ஒலியின் நிறம் கடைசியில்

மின்னணு நடன இசையில் பேஸ் எனும் ஆழமான அடிச்சுர வரியை அமைக்கப் புதிதாக உட்காருகிறவர்களில் பெரும்பாலோர், ஒலியை உருவாக்கும் சிந்தசைசரைத் திறந்ததும் அதிலுள்ள ஆயத்த ஒலிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். இரண்டு மணி நேரம் கழித்து அவர்களிடம் இருப்பது கனமாக உறுமுகிற ஓர் ஒலிதானே தவிர, பேஸ் லைன் அன்று. கோத்தகிரியில் தகரக் கூரையின் மேல் மழை கொட்டிய ஐப்பசி, கார்த்திகை இரவுகள் பலவற்றை நானும் அப்படித்தான் கழித்தேன். வரிசையைத் திருப்பிப் போட்ட பிறகே வேலை நகர்ந்தது. கிக் எனும் கனமான டிரம் அடியோடு சேர்ந்த தாளத்தை முதலில் முடிவு செய்ய வேண்டும், அடுத்துச் சுரங்கள், ஒலியின் நிறத்தைக் கடைசியில்தான் தொட வேண்டும். இந்தக் கட்டுரையும் அதே வரிசையில் செல்கிறது.

கருவிகளுக்குப் பெரிய செலவில்லை. வைட்டல், சர்ஜ் எக்ஸ்டி ஆகிய இரண்டு மென்பொருள் சிந்தசைசர்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. பேஸுக்குத் தேவையான அனைத்தும் அவற்றில் உண்டு. எஃப்எல் ஸ்டுடியோ, ஏபிள்டன் லைவ், ரீப்பர் ஆகிய இசை அமைப்பு மென்பொருள்களுள் உங்களுக்குப் பழகிய எதில் வேண்டுமானாலும் அவற்றை ஏற்றிக்கொள்ளலாம். கம்பியில் மரம் சாய்ந்து மின்சாரம் போவது வாடிக்கையான ஊர்க்காரர்கள், தானாகச் சேமிக்கும் வசதியை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்வது நல்லது. வேகத்தை நிமிடத்துக்கு 128 அடி என்று வையுங்கள். ஹவுஸ் இசை பெரும்பாலும் 120 முதல் 128 வரையிலும், சைட்ரான்ஸ் 140க்கு மேலும், டிரம் அண்ட் பேஸ் 170, 175 அளவிலும் ஓடும் என்றாலும், பழகுவதற்கு 128 வசதியானது.

ஒவ்வோர் அடியிலும் ஒரு கிக் வைத்து, நான்கு அடி கொண்ட ஒரு பாரைச் சுழலவிடுங்கள். சிந்தசைசரில் அலையை உருவாக்கும் ஆசிலேட்டர் ஒன்றை மட்டும் இயக்கி, அதில் சைன் அலையைத் தேர்ந்தெடுத்து, ஒரே நேரத்தில் ஒரு குரல் மட்டும் ஒலிக்கும்படி மோனோவில் வையுங்கள். ஃபில்டரும் வேண்டாம், எஃபெக்டும் வேண்டாம். சைன் அலையில் அடிப்படை அதிர்வெண் ஒன்று மட்டுமே இருப்பதால் அதில் மயக்கும் கவர்ச்சி எதுவும் இல்லை. அதனாலேயே அது நேர்மையான சோதனைக் கருவி. சைனில் தலையாட்ட வைக்காத பேஸ் லைனை எந்த ஒலியும் காப்பாற்றாது.

இப்போது சுட்டியைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறக்க வேண்டும். ஓர் அடியைச் சதுஸ்ர நடையில் நான்காகப் பிரித்துத் ‘தகதிமி’ என்று சொல்லுங்கள். 128 வேகத்தில் ஓர் அடி சுமார் 469 மில்லிசெகண்ட். ஆகவே ஒவ்வோர் அசையும் ஏறத்தாழ 117 மில்லிசெகண்ட். சுரங்களைக் கட்டங்களில் வரையும் திரையான பியானோ ரோலில் நீங்கள் காணும் பதினாறு கட்டங்கள் இந்த அசைகள்தான். ‘த’ கிக்குக்கு உரியது. ‘தி’யில் மட்டும் பேஸை வைத்தால் டிரான்ஸிலும் பழைய யூரோ டான்ஸிலும் நாம் கேட்டுப் பழகிய எதிரடி பேஸ் கிடைக்கும். ‘கதிமி’ மூன்றிலும் வைத்தால் சைட்ரான்ஸின் உருண்டோடும் பேஸ். இவை இரண்டும் எளிதில் வருபவை, எளிதில் அலுப்பவையும்கூட.

சுவையான இடம் திஸ்ரத்தைச் சதுஸ்ரத்தின்மேல் ஏற்றும்போது வருகிறது. ‘தகிட தகிட தகிட தகிட தகதிமி’ என்று சொல்லிப் பாருங்கள்: நான்கு மூன்றுகளும் ஒரு நான்கும் சேர்ந்து சரியாகப் பதினாறு. ஒவ்வொரு சொற்கட்டின் முதல் அசையிலும் ஒரு சுரத்தை வைத்தால், அவை 1, 4, 7, 10, 13 ஆகிய கட்டங்களில் விழும். கிக் விழுவது 1, 5, 9, 13 ஆகியவற்றில். முதல் கட்டத்தில் சேர்ந்து புறப்படுகிற இரண்டும் நடுவில் மூன்று முறை ஒன்றையொன்று தவறவிட்டு, பதின்மூன்றில் மீண்டும் கைகோக்கின்றன. கேட்பவரின் கால் கிக்கோடும் இடுப்பு பேஸோடும் போவது இதனால்தான். அடுத்த சுற்றில் முதல் கட்டத்துச் சுரத்தை நீக்கிவிட்டுக் கேளுங்கள். கிக் தனியே விழுந்து, பேஸ் அதைத் துரத்திக்கொண்டு வருவது போல இருக்கும். ‘தகிட தகிட தக’ என்ற எட்டின் அமைப்பையும் பாருக்கு இருமுறை வைத்துப் பார்க்கலாம். கட்டங்களில் குத்துமதிப்பாகப் புள்ளி வைப்பதைக் காட்டிலும், வாயில் வருகிற சொற்கட்டை எழுதி வைப்பது எப்போதும் உயிரோட்டமாக அமைகிறது என்பது என் அனுபவம்.

எங்கே தொடங்குவது என்பதற்கு இணையான முக்கியத்துவம், எங்கே நிறுத்துவது என்பதற்கும் உண்டு. தொடக்கத்தை மட்டும் கவனித்துச் சுரத்தின் நீளத்தை அப்படியே விட்டுவிடுவது பரவலான பிழை. ‘மி’யில் தொடங்கும் சுரம் அடுத்த ‘த’வுக்குள் வழிந்தால் கிக்கின் முகம் மழுங்கும், அதை 117க்குப் பதில் 90 மில்லிசெகண்டில் முடித்தால், கிக்குக்கு முன்னால் ஒரு சிறு மூச்சு கிடைத்து, அதே கிக் அதிகக் கனத்தோடு விழுவதாகத் தோன்றும். கிக்கின் வாலையும் அளந்து பாருங்கள். 300 மில்லிசெகண்ட் நீளும் கிக் ‘த’வையும் ‘க’வையும் தாண்டித் ‘தி’யின் பாதிவரை வந்துவிடும். அப்படிப்பட்ட கிக்கை வைத்துக்கொண்டு ‘கதிமி’ பேஸ் எழுதினால் அடியில் வெறும் சேறுதான் மிஞ்சும். ஒன்று கிக்கைக் குறுக்க வேண்டும். இல்லையென்றால் ‘க’வை விட்டுவிட வேண்டும்.

தாளம் நிலைபெற்ற பிறகு சுரங்களுக்கு வரலாம். ஆதார சுரத்தைத் தேர்வதில் அதிர்வெண்ணைக் கருத வேண்டும். ஈ சுரம் 41 ஹெர்ட்ஸ், ஜி 49, ஏ 55. இந்த எல்லைக்குள் ஷட்ஜத்தை வைத்தால் பெரும்பாலான ஸ்பீக்கர் பெட்டிகளில் அடிவயிற்றில் உணரும்படி ஒலிக்கும். சி சுரத்தை ஆதாரமாகக் கொண்டு 33 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் பல பெட்டிகள் அதைக் காற்றாக மட்டுமே வெளியிடும். இங்கே ஒரு சிக்கலைச் சொல்லிவைக்க வேண்டும்: மென்பொருள்கள் ஸ்தாயிக்கு இடும் எண் ஒன்றுபோல் இல்லை. பியானோவின் நடு சி-யை ஏபிள்டன் 3 என்றும் எஃப்எல் ஸ்டுடியோ 5 என்றும் குறிப்பதால், அதே 55 ஹெர்ட்ஸ் ஏ சுரம் முன்னதில் ஏ0 ஆகவும் பின்னதில் ஏ2 ஆகவும் தெரியும். ஆகவே எண்ணை நம்பாமல், எந்த அதிர்வெண் ஒலிக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் ஹெர்ட்ஸைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். மிருதங்கத்தைப் பாடகரின் சுருதிக்குச் சேர்ப்பது போல, கிக்கின் சுருதியையும் உங்கள் ஷட்ஜத்துக்கோ பஞ்சமத்துக்கோ சேர்த்துவிட்டால் பின்னால் பாதித் தொல்லை குறையும்.

மேற்கத்திய இசையில் மைனர் பென்டடானிக் எனப்படும் ஐந்து சுரங்களும் நம் சுத்த தன்யாசி ராகத்தின் சுரங்களே. ஸ, க, ம, ப, நி என்ற இந்த ஐந்தில் பேஸுக்கு வலுவூட்டுவது ஸ-ப இணை. பார் முடிவில் மந்திர ஸ்தாயி நி-யைத் தொட்டு ஸ-வுக்குத் திரும்புவது அடுத்த சுழற்சிக்கு இழுத்துச் செல்லும். ஹிந்தோளத்தில் பஞ்சமம் இல்லாததால் பேஸ் மத்யமத்தில் சாய்ந்து நிற்க வேண்டியிருக்கும். அது அழகுதான், ஆனால் தொடக்கத்தில் வேண்டாம். நான்கு பாருக்கு மூன்று சுரங்களுக்கு மேல் தேவைப்பட்டால், தாளத்தில் எங்கோ குறையிருக்கிறது என்று நான் சந்தேகிப்பேன். ராகமும் நடன இசையும் ஒட்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி: பம்பாயைச் சேர்ந்த சரண்ஜித் சிங், ரோலண்டு நிறுவனத்தின் டிபி-303 பேஸ் கருவியையும் டிஆர்-808 தாளக் கருவியையும் கொண்டு, டிஸ்கோ தாளத்தில் ராகங்களை வாசித்து 1982லேயே இசைத்தட்டு வெளியிட்டுவிட்டார். அதே 303-ஐ வைத்துச் சிகாகோவில் ஆசிட் ஹவுஸின் முதல் முக்கியமான தட்டு வந்தது 1987ல்தான்.

சுரங்களின் ஒலி அளவைச் சரிசெய்வதற்கு முன் உங்கள் அறையைப் பற்றி ஒரு வார்த்தை. என் அறையின் அகலம் பத்து அடி. இரு சுவர்களுக்கிடையே அலை முட்டி நிலைகொள்ளும் அதிர்வெண்ணைக் கணக்கிட்டால், மலைக்குளிரில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் என்று கொண்டு, ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸ் வருகிறது. அதாவது ஏறக்குறைய ஏ சுரம். இப்படி நிலைகொண்ட அலை சுவரோரத்தில் பெருத்தும், அறையின் நடுவில் காணாமலும் போகும். நான் நாற்காலியைப் போட்டிருந்ததோ சரியாக நடுவில். ஏ மட்டும் மெலிந்து கேட்கிறதே என்று அதைக் கூட்டிக் கூட்டி வைத்து, குன்னூரில் ஒரு கல்யாண வரவேற்புக்கு அந்தப் பாட்டைக் கொடுத்தேன். மூன்றாவது பாரில் மைக் செட் அண்ணன் என்னைப் பார்த்து, “தம்பி, ஒரே ஒரு சுரம் வந்து பாக்ஸைக் கிழிக்குது, என்ன பண்ணி வெச்சிருக்கே?” என்றார். பாட்டு முழுவதும் பாதி ஒலியில்தான் ஓடியது. சுவரில் கம்பளி தொங்கவிடுவதும் முட்டை அட்டை ஒட்டுவதும் இதற்குத் தீர்வாகா. 55 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஆறு மீட்டருக்கும் மேல், கம்பளி அதற்குக் கொசுவலை. நல்ல ஹெட்ஃபோனில் அளவுகளை முடிவு செய்து, நாற்காலியை நடுவிலிருந்து நகர்த்திவிடுங்கள். லைன் வீடுகளில் வசிப்பவர்களுக்கு ஹெட்ஃபோன் எப்படியும் கட்டாயம். அடுத்த வீட்டுக்குச் சுவர் தாண்டிப் போவது பாட்டின் மற்ற பகுதியன்று, பேஸ்தான்.

இனி நிறம். சைனை மாற்றி ரம்ப வடிவ அலையான சா-வைத் தேர்ந்தெடுங்கள். அதில் எல்லா ஹார்மோனிக்குகளும், அதாவது அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளும், இருக்கின்றன. சதுர அலையில் ஒற்றைப்படை ஹார்மோனிக்குகள் மட்டுமே இருப்பதால் அது சற்றே உள்ளீடற்ற, மரக்குழல் சாயலில் ஒலிக்கும். மேல் அதிர்வெண்களை வெட்டும் 24 டெசிபல் லோ-பாஸ் ஃபில்டரை இயக்கி, வெட்டு தொடங்கும் இடமான கட்டாஃபை 200 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறக்கி, நேரத்தோடு அதை ஏற்றி இறக்கும் ஓர் என்வலப்பை அதோடு இணையுங்கள். அட்டாக் (எழும் நேரம்) 2 மில்லிசெகண்ட், டிகே (தணியும் நேரம்) 180, சஸ்டெய்ன் (நிலைக்கும் அளவு) பத்து விழுக்காடு, ரிலீஸ் (விட்ட பின் மறையும் நேரம்) 40 என்று தொடங்கலாம். என்வலப் ஃபில்டரை எவ்வளவு தூரம் திறக்கிறது என்பதை மெல்ல ஏற்றும்போது, ‘டூம்’ என்பது ‘டௌம்’ ஆகிப் பிறகு ‘ட்யௌம்’ ஆவதைக் கேட்கலாம். உங்கள் பாட்டுக்குரிய உயிரெழுத்து எது என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். அட்டாக்கைச் சுழியில் வைத்தால் ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்திலும் ஒரு ‘டிக்’ ஓசை வரக்கூடும். அலை ஒவ்வொரு முறையும் ஒரே புள்ளியில் தொடங்கும்படி, ஆசிலேட்டரில் தொடக்கப் புள்ளியைத் தற்செயலாக மாற்றும் குமிழைச் சுழிக்குக் கொண்டுவருவதும் அவசியம். இல்லையென்றால் ஒரு சுரம் கனத்தும் அடுத்தது மெலிந்தும் விழ, காரணம் புரியாமல், ஒலி அளவை அடக்கிச் சமன் செய்யும் கம்ப்ரெசரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

303 பாணி பேஸ் வேண்டுமானால் கட்டாஃப் இடத்தைக் கூர்மையாக்கும் ரெசொனன்ஸை உயர்த்தி, டிகேயைக் குறுக்கி, சுரத்தின் அழுத்தமான வெலாசிட்டியைக் கட்டாஃபோடு இணைத்து, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கும் நேரமான கிளைடை 60 மில்லிசெகண்ட் அளவில் வையுங்கள். சிந்தசைசரை லெகாட்டோவில் வைத்து, பியானோ ரோலில் ஒரு சுரத்தின் வாலை அடுத்ததன்மேல் சற்றே ஏறும்படி நீட்டினால், அந்த இடத்தில் மட்டும் வழுக்கல் உண்டாகும். உறுமியின் தோலில் வளைந்த குச்சியைத் தேய்க்கும்போது அடியிலிருந்து ஒரு முனகல் எழுமே, அதை நினைத்துக்கொண்டு செய்தால் அளவு தவறாது. பாருக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு வழுக்கல் போதும்.

ஒலியைத் தடிமனாக்க, ஒரே ஒலியைப் பல பிரதிகளாக அடுக்கும் யூனிசன் போட்டு இடமும் வலமும் விரிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். விரித்த ஒலியை மேலடுக்காக மட்டும் வைத்து, அதில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள். அடியில் பழைய சைனே மோனோவில் நிற்கட்டும். ஆனால் ஃபோனில் கேட்பவர்களுக்கு அந்த சைன் கேட்கவே கேட்காது. அதன் சிறு ஸ்பீக்கர் அவ்வளவு ஆழத்துக்கு இறங்காது. அதனால் சைன்மேல், அலையை இலேசாகச் சிதைக்கும் சாச்சுரேஷனைச் சிறிதளவு சேருங்கள். 41 ஹெர்ட்ஸ் சுரத்துக்கு 82, 123, 164, 205 என்று ஹார்மோனிக்குகள் முளைக்கும். அடிப்படை அதிர்வெண் வராவிட்டாலும், இந்தத் தொடரைக் கேட்கும் காது விடுபட்டதைத் தானே நிரப்பி, அதே ஆழமான சுரமாகவே உணரும்.

கிக்கும் பேஸும் இன்னும் மோதினால் பேஸ் தடத்தில் கம்ப்ரெசரைப் போட்டு, கிக் விழும்போதெல்லாம் பேஸ் தாழும்படி கிக்கைச் சைட்செயினாகக் கொடுங்கள். குறைப்பு 4 முதல் 6 டெசிபலும், ரிலீஸ் 120 மில்லிசெகண்டும் நல்ல தொடக்கம். பாட்டு முழுவதும் பம்ப் அடிப்பது போல மூச்சுவாங்கினால் ரிலீஸ் நீண்டுவிட்டது என்று பொருள். முதலில் சொன்னபடி சுரங்களின் நீளத்தை ஒழுங்காக வெட்டியிருந்தால் இது பெரும்பாலும் தேவைப்படாது.

பிறகு நீண்ட ஓட்டத்துக்கு அதே லூப்பை 32 பாருக்கு விரித்து, கட்டாஃபை 200லிருந்து 600 ஹெர்ட்ஸ் வரை மிக மெதுவாக ஏறும்படி ஆட்டோமேஷன் வரையுங்கள். பதினாறாவது பாரின் கடைசி ‘தகதிமி’யில் பேஸை முழுவதும் நிறுத்தி, கிக்கை மட்டும் விடுங்கள். மொத்த ஒலியின் உச்சம் -6 டெசிபலைத் தாண்டாதபடி 24 பிட்டில் ஏற்றுமதி செய்து, ஃபோனிலும், ஹெட்ஃபோனிலும், யாருடைய ஜீப்பிலாவது கதவைச் சாத்திக்கொண்டும் ஒருமுறை கேளுங்கள். கண்ணாடி ஒரே ஒரு சுரத்துக்கு மட்டும் அதிர்ந்தால், அந்தச் சுரத்தின் வெலாசிட்டியைத் தொடுவதற்கு முன் வேறொரு வண்டியிலும் கேட்டுவிடுங்கள். அங்கும் அதே சுரம் அதிர்ந்தால்தான் குறை உங்களுடையது.