‘ரெண்டு டயர் போதும் அங்கிள்’: பவர் எஸ்யூவி வாங்கியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை. ஷெட் கதவை முழுசாகத் திறப்பதற்குள் வெளியே ஒரு வி8 உறுமிக்கொண்டு நின்றது. ஃபீனிக்ஸிலிருந்து (தென்னாப்பிரிக்காவில், எங்கள் டர்பன் பக்கம்) வந்த தம்பி. முந்தின நாள் சாயங்காலம்தான் கைக்கு வந்த செகண்ட்ஹேண்ட் பிஎம்டபிள்யூ எக்ஸ்5 எம். “வண்டி சூப்பர் அங்கிள். பார்க்கிங்ல திருப்பும்போது மட்டும் கீழே ஏதோ தட்டுது” என்றார். (பாதி இங்கிலீஷ், பாதி பாட்டியிடம் கேட்டுக் கற்ற தமிழ். நான் கொஞ்சம் சீவி எழுதியிருக்கிறேன்.)

நான் பானெட்டைத் திறக்கச் சொல்லவில்லை. குனிந்து டயரைப் பார்த்தேன். பின்னால் இரண்டும் புத்தம் புதுசு, அச்சிலிருந்து வந்த ரப்பர் முடிகூட உதிரவில்லை. முன்னால் இரண்டும் வழுக்கைக்குப் பக்கம். எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. தம்பி மேல் இல்லை. 2014-இல் இதே வண்டியை வாங்கி இதே காரியத்தைச் செய்த ஆள் மேல். அந்த ஆள் நான்தான்.

கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் தொழில் படித்து, டர்பனுக்கு வந்து சாட்ஸ்வொர்த் பக்கம் ஷெட் போட்டவன் நான். ஆயில் மாற்று, சர்வீஸ் புத்தகத்தைப் பார், அடிபட்ட வண்டியா என்று விசாரி என்பதெல்லாம் உங்கள் மாமாவே சொல்லிவிடுவார். அதை விட்டுவிடுகிறேன்.

இரண்டு டயர் மட்டும் மாற்றுவது

நான் வாங்கியது 2010 மாடல். 4.4 லிட்டர், இரண்டு டர்போ, 555 குதிரை, 680 நியூட்டன் மீட்டர். இரண்டேகால் டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி 4.7 நொடியில் 100-ஐத் தொடும். ரோபோவில் பச்சை விழுந்ததும் (இந்த ஊரில் சிக்னலுக்கு அதுதான் பெயர்) காலை வைத்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். அந்த எண்களை எல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தேன். டயர் பக்கச் சுவரில் எழுதியிருந்த எண்ணை மட்டும் நான் படிக்கவே இல்லை.

ஜொகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். கிளம்பும் வாரம் பின் டயர் இரண்டும் தேய்ந்து போயிருந்தன. முன்னால் டயர் பள்ளத்தில் 3 மில்லிமீட்டர் ஆழம் பாக்கி இருந்தது. டயர் கடைக்காரர் சொன்ன வார்த்தை இன்னும் காதில் நிற்கிறது: “ரெண்டு போதும் அங்கிள், முன்னாடி இன்னும் ஓடும்.” கல்யாணச் செலவு தலைக்கு மேல் இருந்த நேரம். அந்த வார்த்தை தேனாக இனித்தது.

என்ன தப்பு செய்தேன் என்பதைக் கணக்காகச் சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள், காசு மிச்சம்.

அந்த வண்டிக்கு முன்னால் 275/40 ஆர்20, பின்னால் 315/35 ஆர்20. பார்க்கிறவர்கள் பின் டயர் பெரிது என்பார்கள். அகலம்தான் பெரிது, உயரம் இல்லை. முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், அடுத்தது அதில் எத்தனை சதவீதம் பக்கச் சுவரின் உயரம் என்பது. 275-இல் 40 சதவீதம் 110 மில்லிமீட்டர். 315-இல் 35 சதவீதம் 110.25. மேலும் கீழும் இரண்டு சுவர், நடுவில் 20 அங்குல ரிம் (508 மில்லிமீட்டர்) சேர்த்தால் இரண்டுக்கும் மொத்த உயரம் 728 மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் முன்னேபின்னே. இது தற்செயல் இல்லை. முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரு கிலோமீட்டருக்கு ஒரே எண்ணிக்கையில் சுற்ற வேண்டும், ஏறத்தாழ 437 சுற்று. அதற்காகவே தேர்ந்தெடுத்த அளவு அது.

இப்போது பின்னால் 8 மில்லிமீட்டர் புது டயர், முன்னால் 3 மில்லிமீட்டர் பழசு என்று வையுங்கள். 5 மில்லிமீட்டர் வித்தியாசம் விட்டத்தில் இரட்டிப்பாகி 10 ஆகிறது. முன் சக்கரம் கிலோமீட்டருக்கு 443 சுற்று சுற்றியாக வேண்டும். ஆறு சுற்றுதானே என்று நானும்தான் நினைத்தேன்.

அந்த ஆறு சுற்றும் போய் விழுகிற இடம் டிரான்ஸ்ஃபர் கேஸ். கியர்பாக்ஸுக்குப் பின்னால் தொங்கும் அலுமினியப் பெட்டி அது. பின் அச்சுக்கு நேராகச் சக்தி போகும். முன் அச்சுக்குப் போவது எண்ணெயில் ஊறிய கிளட்ச் தட்டுகள் வழியாக, பிறகு ஒரு செயின் வழியாக. தட்டுகளை எவ்வளவு இறுக்குவது என்பதை ஒரு சின்ன மின் மோட்டார் நொடிக்கு நொடி முடிவு செய்யும். வளைவில் திரும்பும்போது முன்னும் பின்னும் வேகம் மாறுமே, அதற்காகத் தட்டுகள் கொஞ்சம் வழுக்கிக்கொடுக்கும். அது அவற்றின் வேலை. ஆனால் வளைவு சில நொடிகளில் முடிந்துவிடும். டயர் உயரம் மாறிவிட்டால் நேர் ரோட்டிலும் வழுக்கல் நிற்காது.

டர்பனிலிருந்து ஜொகன்னஸ்பர்க் என்3 நெடுஞ்சாலை வழியாகச் சுமார் 570 கிலோமீட்டர். சக்கரக் கணக்கில் 3,400 சுற்றுக்கு மேல் வித்தியாசம். சக்கரம் ஒரு தடவை சுற்ற, உள்ளே தண்டு மூன்று தடவைக்கு மேல் சுற்றும். ஆக ஒரு வழிப் பயணத்தில் தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று 10,000 சுற்றுக்கு மேல் உரசுகின்றன. அவற்றைக் குளிர்விக்க இருக்கும் எண்ணெய் ஒரு லிட்டர்கூட இல்லை.

போகும்போது ஒன்றும் தெரியவில்லை. அதுதான் இந்தத் தவறின் விஷம். ஊர் திரும்பி மாதக்கணக்கில் ஓட்டினேன். தைப்பூசத்தன்று கோயில் மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திருப்பினேன். கீழே டக், டக், டக். யாரோ தரையடியிலிருந்து கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டம்மா, “பால்குடம் எங்கேயாவது உருளுதா பாருங்க” என்றாள். ரோடு சரியில்லை என்றேன். மெக்கானிக் சொல்கிற பேச்சா அது?

பெரிய வெள்ளி சமயம் மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் திருவிழாவுக்குப் போகும் வழியில் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு வந்தது. திருவிழா முடிந்து ஷெட்டில் தூக்கி, வடிகால் போல்டைக் கழற்றினேன். எண்ணெய் தார் மாதிரி வந்தது. வாசனை, அடிப்பிடித்த மீன் குழம்புச் சட்டி. இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தால் நெருநெருவென்றது. பிரித்துப் பார்த்தால் இரும்புத் தட்டுகள் மயில் கழுத்து நிறத்தில் நீலம் பாரித்திருந்தன. உராய்வுப் பூச்சு பாதி இடத்தில் இல்லை. செயினும் தொய்ந்திருந்தது. முன்பு வைத்திருந்தவர் என்ன பாடு படுத்தினாரோ, மிச்சத்தை நான் முடித்துவைத்தேன். கூலி என்னுடையது, அதனால் இலவசம். அப்படியும் மாற்றுப் பெட்டிக்குக் கொடுத்தது, நான் மிச்சப்படுத்திய இரண்டு டயர் விலையைப் போல ஆறு மடங்கு.

இன்ஜினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றத் தெரிந்தவனுக்கு ரப்பர் உயரம் தெரியவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் ஆறவில்லை.

இன்னொரு கசப்பு: முன்னும் பின்னும் அகலம் வேறு என்பதால் டயர்களை இடம் மாற்றிப் போட்டுச் சமாளிக்கவும் முடியாது. சக்தி அதிகம் போவது பின்னால், அதனால் பின்னால்தான் முதலில் தேயும். எப்போதும் ‘ரெண்டு மட்டும்’ என்ற ஆசை காட்டுகிற வண்டி இது. என் ஷெட் விதி: முன்னுக்கும் பின்னுக்கும் 2 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் கூடாது, நான்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். ஒரே அளவு எழுதியிருந்தாலும் வேறு வேறு கம்பெனி டயர்கள் உண்மையில் ஒரே உயரம் இருப்பதில்லை. அதனால்தான் தயாரிப்பாளர்கள் சோதித்து ஏற்ற டயரில் அடையாளம் போடுகிறார்கள். பிஎம்டபிள்யூவுக்குப் பக்கச் சுவரில் ஒரு நட்சத்திரம், மெர்சிடிஸுக்கு ‘எம்ஓ’, போர்ஷேவுக்கு ‘என்’ என்ற எழுத்தும் ஒரு எண்ணும். குழியில் விழுந்து ஒன்று மட்டும் கிழிந்தால், மற்றதன் ஆழத்துக்குப் பொருந்துகிற அதே மாடல் பழைய டயராகத் தேடுங்கள். அலைச்சல்தான், ஆனாலும் தேடுங்கள்.

தென்னாப்பிரிக்கச் சட்டத்துக்கு 1 மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் போதும். டிரான்ஸ்ஃபர் கேஸுக்குச் சட்டம் தெரியாது.

போர்ஷே கயென் டர்போக்காரர்களும் சிரிக்க வேண்டாம். 2010-க்குப் பிந்தைய உங்கள் வண்டியிலும் முன் அச்சுக்குக் கிளட்ச் தட்டுகள்தான். லம்போர்கினி உருஸ், ஆடி ஆர்எஸ் க்யூ8 இரண்டிலும் நடுவில் பல்சக்கர டிஃபரன்ஷியல் இருப்பதால் வேக வித்தியாசத்தை அது பிரித்து வாங்கிக்கொள்ளும். அதற்காக ஆளுக்கொரு டயர் போடலாம் என்று அர்த்தமில்லை. சாட்ஸ்வொர்த்தில் உருஸ் வைத்திருப்பவர் என்னிடம் வருவதில்லை என்பது வேறு கதை.

வாங்கும் முன் ஒரு சோதனை. கால் மணி நேரம் ஓட்டி டயரையும் எண்ணெயையும் சூடாக்குங்கள். காலி மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, நடைவேகத்தில் எட்டு போடுங்கள். பாட்டை அணையுங்கள், கண்ணாடியை இறக்குங்கள். தட்டினால் விலையைக் குறையுங்கள், அல்லது நடையைக் கட்டுங்கள். தட்டாவிட்டாலும் நாலு டயர் விலையை வண்டி விலையோடு சேர்த்தே மனதில் கூட்டிக்கொள்ளுங்கள்.

வெளியோரத்தை மட்டும் பார்ப்பது

இந்த வண்டிகளின் சக்கரம் மேற்பக்கம் கொஞ்சம் உள்ளே சாய்ந்திருக்கும், வளைவில் பிடிப்புக்காக. அதனால் உள்ளோரம் முதலில் சாகும். வெளியே 5 மில்லிமீட்டர், உள்ளே கம்பி தெரிகிற டயரை மாதம் ஒன்றாவது பார்க்கிறேன். வண்டிக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள், மெதுவாக. கம்பி குத்தும்.

மேட்டு நிலத்தில் 93 ஆக்டேன் பெட்ரோல் ஊற்றுவது

“ஜோபர்க்ல (ஜொகன்னஸ்பர்க்குக்குச் செல்லப் பெயர்) எல்லாரும் 93 தானே அங்கிள் போடுறாங்க?” சரிதான். அந்த ஊர் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் நம் கடற்கரையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத வண்டியில் சிலிண்டருக்குள் காற்றே குறைவாகப் போகும், அழுத்தமும் குறையும், 93 தாங்கும். டர்போ வண்டியின் கதை வேறு. குறைந்த காற்றை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுற்றி, அழுத்தத்தைத் திரும்ப ஏற்றிவிடும். காற்று இன்னும் சூடாகவும் உள்ளே போகும். அங்கே 93 ஊற்றினால் நாக் சென்சார் (சிலிண்டருக்குள் பெட்ரோல் தாறுமாறாக வெடிப்பதைக் கண்டுபிடிக்கும் கருவி) அலறும், கம்ப்யூட்டர் பொறியைத் தாமதப்படுத்தும், நீங்கள் காசு கொடுத்த குதிரைகளில் சில லாயத்துக்குத் திரும்பிவிடும். அதே பெட்ரோலை அரை டாங்க் வைத்துக்கொண்டு டர்பன் வெயிலில் மிதிப்பது அதைவிட மோசம். 95 ஊற்றுங்கள், எந்த ஊரானாலும்.

சிப்

கம்ப்யூட்டரைத் திருத்தி 100 குதிரை கூட்டித் தருகிறேன் என்பார்கள். கூட்டவும் செய்வார்கள். அதே கியர்பாக்ஸ், அதே செயின், அதே ரேடியேட்டர். லாயத்தை யாரும் பெரிதாக்குவதில்லை.

வான் ரீனன் இறக்கத்தில் பிரேக்கிலேயே இறங்குவது

வான் ரீனன் என்பது என்3-இல் வரும் மலைக்கணவாய். இரண்டேகால் டன்னுக்கு மேலான வண்டியை 120-இலிருந்து ஒருமுறை நிறுத்தினால் பிரேக்கில் சேரும் சூடு, நாலு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கும். இறக்கத்தில் அதைத் திரும்பத் திரும்பச் செய்கிறீர்கள், முன்னால் லாரி வேறு. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கிற கியர் துடுப்பு பந்தாவுக்கு இல்லை. இரண்டு கியர் இறக்கி இன்ஜினைப் பிடிக்கவிடுங்கள்.

மேடு ஏறிய சூட்டோடு அணைப்பது

இந்த வி8-இல் டர்போ இரண்டும் வி-யின் நடுப்பள்ளத்தில் உட்கார்ந்திருக்கின்றன. சூடு வெளியே போக வழி குறைவு. அந்தக் கணவாய் ஏறியதும் வரும் ஹாரிஸ்மித்தில் டீக்கு நிறுத்துவதென்றால் கடைசி ஐந்து கிலோமீட்டர் அடக்கி ஓட்டுங்கள்.

சானி பாஸ்

லெசோத்தோவுக்கு ஏறும் மலைப்பாதை. போகாதீர்கள். 35 சதவீத டயருக்கும் அந்தக் கல்லுக்கும் ஜென்மப் பகை.

இரண்டு சக்கரத்தைத் தூக்கி இழுத்துப் போவது

நின்றுபோனால் நான்கு சக்கரமும் மேலே ஏறுகிற தட்டு லாரி மட்டும். வேறு வண்டி வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

ஃபீனிக்ஸ் தம்பியின் வண்டியில் எண்ணெயை இறக்கிப் பார்த்தோம். கறுத்திருந்தது, ஆனால் நெருநெருக்கவில்லை. பிழைத்துக்கொள்ளும் என்று நினைக்கிறேன். புது எண்ணெய் ஊற்றியாயிற்று. முன் டயர் இரண்டுக்கும் அடுத்த மாதச் சம்பளம் வர வேண்டுமாம். அதுவரை 555 குதிரையும் என் ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கின்றன. தம்பி அம்மாவின் போலோ விவோவில் வேலைக்குப் போகிறார்.