மூடிய தோட்டத்தின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி

ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) மூடி, தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் பாதி காலியாகிக் கிடக்கும் இலங்கை மலையகத் தோட்டத்துக்கு வரலாறு எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் துரை (தோட்ட நிர்வாகி) பங்களாவில்தான் தொடங்குகிறார்கள். அப்படித் தொடங்கினால் துரைமாரின் பெயர்ப் பட்டியல்தான் மிஞ்சும். முதலில் போக வேண்டியது வயதானவர்களின் வாசலுக்கு. கொழும்பில் உள்ள கோப்பு அடுத்த வருடமும் அங்கேயே இருக்கும்.

அவர்களிடம் "எந்த வருஷம்?" என்று கேட்காதீர்கள். வந்தவரின் மனம் கோணக்கூடாதென்று ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். நடந்த ஒன்றோடு முடிச்சுப் போட்டுக் கேளுங்கள்: முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் பொலிஸாரால் சுடப்பட்டதற்கு (1940) முன்னாலா? பஞ்ச காலத்தில் (1973-74) எந்த லயத்தில் இருந்தீர்கள்? டெவன் தோட்டத்தில் பொலிஸ் சூட்டில் சிவனு லெட்சுமணன் செத்தபோது (1977) கல்யாணம் ஆகியிருந்ததா? அரசாங்கத்திடமிருந்து நிர்வாகம் மாறி கம்பெனி வந்தபோது (1992) வேலையை மேற்பார்த்த கணக்கப்பிள்ளை யார்? ஒரே லயத்துக்காரர்கள் பல வருடமாக ஒரே கதையைப் பேசிப் பேசி ஒன்றாக்கியிருப்பார்கள். ஆகவே இரண்டாவது சாட்சியை அடுத்த கணக்கில் (தோட்டத்தின் அடுத்த பிரிவில்) தேடுங்கள். ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம் போதும். மழை நேரத்தில் பதிவு வேண்டாம். தகரக் கூரையில் விழும் சத்தம் பேச்சை முழுக்க விழுங்கிவிடும்.

அடுத்தது வீட்டுக் காகிதங்கள் இருக்கும் தகரப்பெட்டி. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய குடும்பங்கள், என்றாவது கேட்பார்கள் என்று ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட எறியவில்லை. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் பிறந்த இடத்துக்கு நேராகத் தோட்டத்தின் பெயரும், சிலவற்றில் கணக்கின் பெயரும் இருக்கும். தாளின் இரு பக்கத்தையும் படமெடுங்கள். முத்திரையும் திகதியும் பின்பக்கத்தில் இருக்கலாம்.

பாடசாலையின் சேர்விடாப்பு (பிள்ளைகளைச் சேர்த்த பதிவேடு) இருந்தால் அதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். பிள்ளை, தகப்பன், சேர்ந்த திகதி, விலகிய திகதி. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில், நாடற்றவர்களில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை ஏற்க இந்தியா ஒத்துக்கொண்டது. அதன் விளைவு உங்கள் தோட்டத்தில் எந்த மாதம் விழுந்தது என்பது விலகிய திகதிகளை வரிசையாக அடுக்கினால் தெரியும். போனவர்கள் பலர் நீலகிரியில், கூடலூர், கோத்தகிரிப் பக்கம் இருக்கிறார்கள். தோட்டக் கதையின் மறுபாதி அங்கேதான். உறவுக்காரர்களிடம் போன் நம்பர் வாங்கிப் பேசுங்கள்.

பிறகு மலையில் இறங்கி நடக்கலாம். ஓடைக்கரையில் இடிந்த கல்சுவர், பக்கத்தில் சீமெந்துத் தளம், சுற்றிலும் தானாக முளைத்த கோப்பிச் செடி மூன்றும் சேர்ந்திருந்தால் அது தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் கோப்பி காயப்போட்ட களமாக இருக்கலாம். 1869இல் கண்ட இலைநோய் கோப்பியை அழித்தது. அதற்கு இரண்டு வருடம் முன்னரே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டிருந்தார். ஸ்டோரில் மார்ஷல், சிரொக்கோ, வாக்கர் என்று வார்ப்பு எழுத்துள்ள மெசின்கள் கிடைக்கும். மெசினின் வருடத்தை ஸ்டோரின் வருடமாக எழுதிவிடாதீர்கள். பழைய மெசின்கள் தோட்டம் விட்டுத் தோட்டம் போயிருக்கின்றன. உள்ளே போக மனேஜரின் அனுமதி வேண்டும். வெளியே ஸ்டோரின் காவல் தெய்வமான ரோதைமுனிக்குக் கல் வைத்திருந்தால் அதையும் குறியுங்கள்.

மாரியம்மன் கோயிலைப் புதுப்பித்திருப்பார்கள், மணி மட்டும் பழையதாகவே தொங்கும். அதன் விளிம்பில் பெரிய கங்காணியின் (தொழிலாளர்களைக் கூட்டி வந்த தலைவரின்) பெயரும் வருடமும் இருக்கிறதா பாருங்கள். எழுத்து தேய்ந்திருந்தால் இருட்டிய பின் டோர்ச்சைப் பக்கவாட்டில், உலோகத்தை ஒட்டினாற்போல் பிடியுங்கள். பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்தால் மிச்ச எழுத்தும் போய்விடும்.

கடைசியில்தான் கொழும்பு. தேசிய சுவடிகள் கூடத்தில், தோட்டங்களைப் பட்டியலிடும் பழைய பேர்குசன் டிரெக்டரியைக் கேளுங்கள். தோட்டம், உரிமையாளர், துரை, ஏக்கர் என்று இருக்கும். நாம் தோட்டத்தை அழைக்கும் தமிழ்ப் பெயர் அதில் இராது. ஆங்கிலப் பெயரை முதலே கேட்டறிந்து, நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குல வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு வருடத்தில் பெயர் காணாமற்போனால் தோட்டம் மூடப்பட்டது என்று எழுத அவசரப்பட வேண்டாம். பக்கத்துத் தோட்டத்தோடு சேர்த்து ஒரு கணக்காக்கியிருப்பார்கள். தோட்டங்கள் அரசுடைமையான 1972, 1975 காணிச் சீர்திருத்தத்துக்குப் பிறகு இன்னும் கவனம் வேண்டும்.

ஸ்கேன்களின் ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்தின் இணையச் சேகரத்துக்குக் கொடுக்கலாம். கொடுக்குமுன் அடையாள அட்டை இலக்கங்களை மறைத்து, குடும்பத்தாரிடம் கேட்டுவிடுங்கள்.