லீத்தில் பழைய ஜார்ஜியன் வீடு பார்க்கப் போனால், முதலில் தெருவில் நில்லுங்கள்

2023 ஜூனில் எடின்பரோ டிராம் லீத் வழியாக நியூஹேவன் வரை வந்தபிறகு, ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் துறைமுகப் பகுதியான இந்த லீத்தில் வீடு தேடும் நண்பர்கள் அடிக்கடி என்னை அழைக்கிறார்கள். நான் இருப்பது 1820களில், ஜார்ஜ் மன்னர்கள் காலத்தில், கட்டிய ஜார்ஜியன் டெனமென்டின் (பொதுப் படிக்கட்டுள்ள அடுக்குமாடிக் கட்டடத்தின்) மேல்மாடி. எல்லோரிடமும் ஒன்றைத்தான் வற்புறுத்துகிறேன்: மழை பெய்யும் நாளில் போங்கள், எதிர்ச்சாரியில் நின்று மேலே பாருங்கள்.

மழைநீர்க் குழாய்க்குப் பின்னால் கல் பச்சை பிடித்திருந்தால், அங்கே நெடுநாளாக ஒழுகுகிறது என்று சந்தேகப்படலாம். புகைக்கூண்டில் செடி முளைத்திருக்கிறதா, கூரையின் ஸ்லேட் கல்தகடுகள் சரிந்திருக்கின்றனவா என்று பைனாகுலரில் பாருங்கள். அப்புறம் கல் இணைப்புகள். மணற்கல் சுவரில் சுண்ணாம்புக் காரைதான் இருக்க வேண்டும். உள்ளே போன ஈரம் அந்தக் காரை வழியாகத்தான் வெளியேறும். யாராவது சிமென்ட் பூசியிருந்தால் வழி அடைபட்டு, ஈரம் கல் வழியாகவே வெளியேறப் பார்க்கும். கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும். இணைப்புகள் கெட்டியாக, சாம்பல் நிறத்தில் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

உள்ளே நுழைந்ததும் பொதுப் படிக்கட்டில் உச்சி வரை ஏறுங்கள். மேலே கண்ணாடிக் கூரை இருந்தால், அதைச் சுற்றிப் பழுப்புக் கறை தெரிகிறதா என்று பாருங்கள். எரியாத விளக்கு, பிரிக்காத கடிதக் குவியல் எல்லாம் அக்கம்பக்கத்தாரைப் பற்றியும் சொல்லும். ஒரு கதவைத் தட்டி, ரிப்பேர் வேலைகளை யார் கவனிக்கிறார்கள் என்று கேளுங்கள். எனக்கு இதுதான், விற்பவர் தரும் ஹோம் ரிப்போர்ட் என்ற சர்வே அறிக்கையைவிட முக்கியம். அதில் 3 என்று குறித்தவை அவசர வேலைகள், சரி. ஆனால் சர்வேயர் கூரை மேல் ஏறிப் பார்ப்பதில்லை.

கூரைச் செலவு மேல்மாடிக்காரருக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். முதலில் பத்திரத்தில் உள்ளதுதான் செல்லும். அதில் ஒன்றும் சொல்லவில்லை என்றால் 2004 டெனமென்ட் சட்டம் வரும்: பெரும்பான்மை ஃப்ளாட்கள் சம்மதித்தால் ரிப்பேர் நடக்கும், தரைத்தளமும் பங்கு கொடுக்க வேண்டும். பங்கு சமம்தான், மிகப் பெரிய ஃப்ளாட் மிகச் சிறியதைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தால் மட்டும் பரப்பளவுப்படி பிரிப்பார்கள். எங்கள் 8 ஃப்ளாட்களில் ஒருவர் மட்டும் பதிலே போடவில்லை. அவருக்காகக் காத்திருந்த ஐந்து மாதமும் என் படுக்கையறையில் வாளி வைத்திருந்தேன். அவர் இல்லாமலேயே முடிவெடுத்திருக்கலாம் என்று பிறகுதான் தெரிந்தது.

மேலும் கீழும் நகரும் மரச் சட்ட ஸாஷ் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாருங்கள். அடிக்கட்டையின் மூலைதான் முதலில் உளுத்துப்போகும். பிளாஸ்டிக் ஜன்னலாக மாற்றிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடமாக இருந்தால் கவுன்சில் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் மாற்றுவது குற்றம்.

பிடித்திருந்தால், கடைசியாகக் கூரையில் வேலை நடந்ததன் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். மிஸிவ்ஸ் கடிதங்கள் (இரு தரப்பு வக்கீல்களும் பரிமாறி விற்பனை ஒப்பந்தமாக்கும் கடிதங்கள்) முடிவதற்கு முன்பே அது உங்கள் வக்கீல் கைக்குப் போய்விட வேண்டும். முடிந்தபின் பின்வாங்க முடியாது.