மறுவாக்கெடுப்புக்குத் தலையாட்டும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் மேடவாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாக்கெடுப்பு. நடத்திய இரண்டு பேரும் இளைஞர்கள், துணைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். தோற்ற தரப்பு முடிவை ஏற்காமல் சத்தம் போட, இளைஞர்களில் ஒருவர், “இன்னொரு தடவை வச்சிடலாம் சார், பிரிட்டன்லயே கேட்டாங்களே” என்றார். எனக்குப் பகீரென்றது. 2017-ல் நானும் இதைத்தான் சொன்னேன்.

ஆசிரியராக இருந்த காலத்தில் பல தேர்தல்களில் வாக்குச்சாவடிப் பணி பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பின் சென்னையில் குடியிருப்போர் சங்கங்களுக்கு வாக்கெடுப்பு நடத்திக் கொடுக்கிறேன். பட்டியல் சரிபார்ப்பது, பெட்டிக்குச் சீல் வைப்பதெல்லாம் யாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

குறை எத்தனை வாக்கைத் தொடுகிறது என்று கேட்காமல் விடுவது

அந்த 2017 வாக்கெடுப்பு ஆதம்பாக்கத்தில், 36 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பில். பின்பக்கக் கிணற்றை மூடிக் கார் நிறுத்தும் இடமாக்கலாமா என்பது கேள்வி. இனிப்புப் பெட்டியின் மூடியில் கீறல் போட்டு, செல்லோடேப் சுற்றி, அதையே வாக்குப்பெட்டியாக வைத்தோம். மூட வேண்டாம் 20, மூடலாம் 16. உடனே ஒரு பெரியவர் எழுந்தார். வெளிநாட்டிலிருந்த இரண்டு உரிமையாளர்களிடம் வாட்ஸ்அப்பில் வாக்கு வாங்கியது செல்லாது என்றார். அவர் சொன்னது நியாயம்தான், சங்க விதியில் அதற்கு இடமில்லை. நான் பதறிப்போய், “சரி, அடுத்த ஞாயிறு மறுபடி வைத்துக்கொள்ளலாம்” என்று சொல்லிவிட்டேன்.

அந்த இரண்டு வாக்கும் கிணற்றின் பக்கமே விழுந்தவை என்று வைத்துக்கொள்வோம். கழித்தால் 18-க்கு 16. முடிவு மாறவில்லை. இந்த ஒரு கழித்தல் கணக்கை நான் அன்றைக்குப் போடவில்லை.

அடுத்த ஞாயிறு 32 பேர்தான் வந்தார்கள். முன்பே ஜெயித்தாயிற்றே என்று சிலர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். மூட வேண்டாம் 15, மூடலாம் 17. இப்போது மூட வேண்டாம் என்ற தரப்பு மூன்றாவது வாக்கெடுப்பு கேட்டது. அவர்களுக்கு மட்டும் கொடுத்தீர்களே என்றால் நான் என்ன பதில் சொல்வது? ஏழு வீடுகள் பராமரிப்புப் பணத்தை நிறுத்தின. கிணற்றில் கட்டட இடிபாட்டைக் கொட்டி மூடினார்கள். 2019 கோடையில் புழலும் செம்பரம்பாக்கமும் வறண்டு ஊரே தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்தபோது ஒரு நாள் அந்த வழியாகப் போனேன். குடத்தோடு வாசலில் நின்ற ஒரு அம்மா என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

அந்தக் கணக்கு நம் சட்டத்திலேயே இருக்கிறது. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 100-ஆம் பிரிவுப்படி, வாக்கு வாங்கியதில் விதிமீறல் நடந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. அதனால் முடிவு பாதிக்கப்பட்டது என்றும் நிரூபிக்க வேண்டும். ஆஸ்திரியாவில் 2016 அதிபர் தேர்தலில் வித்தியாசம் 30,863 வாக்கு. தபால் வாக்குகளைக் கையாண்டதில் நடந்த விதிமீறல் தொட்டது 77,926 வாக்குகளை. யாரும் மோசடி செய்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் அரசியல் சாசன நீதிமன்றம் மறுதேர்தலுக்கு உத்தரவிட்டது. குறை வித்தியாசத்தைவிடப் பெரியது, அதனால் அது சரி. என்னுடையது இரண்டு வாக்குக் குறை, நான்கு வாக்கு வித்தியாசம்.

மறு எண்ணிக்கை போதுமான இடத்தில் மறுவாக்கெடுப்பு

எண்ணியதில் சந்தேகம் என்றால் திரும்ப எண்ணுங்கள். அதற்காக மக்களைத் திரும்ப வரிசையில் நிறுத்தாதீர்கள்.

எண்ணிய பிறகு வெற்றிக்கான வரம்பை நகர்த்துவது

பிரிட்டனில் 2016 ஜூன் 23 பொதுவாக்கெடுப்பில் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறலாம் என்றவர்கள் 51.9 சதவீதம், இருக்கலாம் என்றவர்கள் 48.1. ஜெயித்த தரப்பு 60 சதவீதத்துக்குக் கீழே, வாக்குப்பதிவும் 75 சதவீதத்துக்குக் கீழே என்றால் மறுபடி நடத்த வேண்டும் என்று கேட்ட மனுவில் 40 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். வெளியேற விரும்பிய ஒருவர்தான், தன் தரப்பு தோற்றுவிடுமோ என்று முன்கூட்டியே அதைத் தொடங்கியிருந்தார். முடிவு வந்ததும் எதிர்த்தரப்பு அதில் கையெழுத்துப் போட்டது. 60 சதவீதம் வேண்டும் என்பது கெட்ட விதி இல்லை. ஆனால் அது வாக்கெடுப்புக்கான சட்டத்தில் இருந்திருக்க வேண்டும். இல்லை, அதனால் அரசு மறுத்தது. உங்கள் சங்கத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டுமென்றால், வாக்குச்சீட்டு அடிக்கும் முன் நோட்டீஸ் பலகையில் ஒட்டிவிடுங்கள்.

அயர்லாந்தைத் தப்பாக உதாரணம் காட்டுவது

ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பை மாற்றும் லிஸ்பன் ஒப்பந்தத்தை 2008-ல் அயர்லாந்து மக்கள் நிராகரித்தார்கள். 2009-ல் 67 சதவீதம் பேர் ஏற்றார்கள். ஆனால் 2008 எண்ணிக்கை தப்பு என்று சொல்லி அதை நடத்தவில்லை. வரி, ராணுவ நடுநிலை போன்றவற்றில் மக்களுக்கு இருந்த பயத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்திடம் உத்தரவாதம் வாங்கி வந்து, அப்புறம் கேட்டார்கள். கேள்விக்குள் ஏதாவது மாறியிருந்தால் திரும்பக் கேட்கலாம். தோற்றவரின் கோபம் கூடியிருக்கிறது என்பது மாற்றம் ஆகாது.

நடத்துபவரே தப்பான எண் கொடுப்பது

சுவிட்சர்லாந்தில் 2016-ல் திருமணமானவர்களுக்கான வரி பற்றிய வாக்கெடுப்பில், பாதிக்கப்படும் இருவருமே சம்பாதிக்கும் தம்பதிகள் சுமார் 80,000 என்று அரசு சொன்னது. உண்மையில் 4,54,000. எதிர்த்து விழுந்தது 50.8 சதவீதம்தான். 2019-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த வாக்கெடுப்பையே ரத்து செய்தது. மதிப்பீட்டுத் தொகையைத் தப்பாக அச்சடித்து வாக்குக் கேட்ட சங்கத்தை நானே பார்த்திருக்கிறேன். அங்கே தோற்றவர்கள் மறுவாக்கெடுப்பு கேட்டபோது தயங்காமல் கொடுத்தேன்.

சீட்டுகளைக் கிழித்துப் போடுவது

ஒரு வருடமாவது பூட்டி வையுங்கள்.