நல்ல மனசோடு நாம் அழிக்கும் தடயங்கள்

கையுறை மாற்றுங்கள், நேரத்தைக் குறித்து வையுங்கள் என்பதெல்லாம் பயிற்சியிலேயே சொல்லித் தந்திருப்பார்கள், அதை விடுவோம். போன மாதம் இரவு டியூட்டியில் புதிதாக வந்த ஒரு தாதி, பாலியல் வன்முறைக்கு ஆளாகி வந்த பெண்ணிடம் “மகள், முதல்ல முகத்தைக் கழுவிட்டு இந்தத் தேத்தண்ணியைக் குடிங்க” என்று அன்பாகச் சொன்னாள். மற்றக் கையில் உடுப்பைப் போட ஒரு பிளாஸ்டிக் சொப்பிங் பேக். பழைய என்னையே பார்த்த மாதிரி இருந்தது.

உடுப்பும் சொப்பிங் பேக்கும்

கார்த்திகை மழை. மட்டக்களப்பில் நான் அப்போது வேலை பார்த்த ஒரு சின்ன வைத்தியசாலைக்குத் தொப்பலாக நனைந்து, இதே நிலையில் ஒரு பெண் வந்தார். குளிரில் பேச்சே வரவில்லை. நான் மாற்றுடுப்புக் கொடுத்து, ஈர உடுப்பையெல்லாம் ஒன்றாகச் சுருட்டி சொப்பிங் பேக்கில் போட்டு, இறுக்கி முடிச்சுப் போட்டு மேசைக்குக் கீழே வைத்தேன். அவரை அன்றிரவே அம்புலன்சில் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பியாயிற்று, பேக்கை மறந்துபோனேன். சனி, ஞாயிறு, திங்கள் போயா விடுமுறை. செவ்வாய்க்கிழமை சட்ட வைத்திய அதிகாரியின் மேசையில் முடிச்சை அவிழ்த்தபோது வந்த மணம் இன்னும் மூக்கில் நிற்கிறது. பூஞ்சணம் பிடித்திருந்தது. அவர் ஏசவில்லை. “எது உள்ளே போட்டிருந்தது, எது வெளியே?” என்று மட்டும் கேட்டார். ஒன்றின் கறை இன்னொன்றில் ஊறியிருந்தது, என்னிடம் பதில் இல்லை.

பிளாஸ்டிக்குக்குள் ஈரம் வெளியேறாது, கிருமி பெருகும், கறையில் உள்ள மரபணு (டி.என்.ஏ.) சிதையும். நம்மூர்ப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். சுத்தமான தாளை நிலத்தில் விரித்து அதன்மேல் நின்று கழற்றச் சொல்லுங்கள், விழுகிற முடி, மண் எல்லாம் அதிலேயே நிற்கும், அந்தத் தாளையும் மடித்துக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு உடுப்பும் தனித்தனிக் காகிதப் பையில். உதறக் கூடாது, கறை உள்ள இடத்தில் வெட்டக் கூடாது. ஈரமென்றால் பூட்டிய அறையில், நிழலில் உலர வேண்டும் (புத்தி வந்த பிறகு நான் ஒருமுறை வெயிலில் காயப்போட்டேன், அதுவும் பிழை, வெயிலும் மரபணுவைக் கெடுக்கும்). உலர்த்த இடமில்லையா, காகிதப் பையிலேயே போட்டு, ஈரமாக இருக்கிறது என்று எழுதி உடனே ஒப்படையுங்கள். யார் கொடுத்தது, யார் வாங்கியது, எத்தனை மணிக்கு என்பதும் எழுத்தில் வேண்டும். நான் பிள்ளைகளின் கொப்பிக்கு உறை போடும் பிறவுண் பேப்பரைச் சொந்தக் காசில் வாங்கி அலுமாரியில் வைத்திருக்கிறேன்.

எனக்கு எரிச்சல் எங்கே என்றால், இதைச் செய்பவர்கள் சோம்பேறிகள் இல்லை, வார்டிலேயே கெட்டிக்காரிகள்தான். எதைக் கண்டாலும் துடைத்து, மடித்து, ஒதுக்கிப் பழகிய கை. சொன்னால், “பாவம் மிஸ், நனைஞ்சு போய் இருந்தாங்க” என்பார்கள். பாவம்தான். அதற்குத்தானே போர்வை இருக்கிறது.

தேத்தண்ணி

குடித்தால் வாயில் உள்ள தடயம் கழுவுப்பட்டுப் போகும். வாயில் ஸ்வாப் (பஞ்சுக் குச்சியால் எடுக்கும் மாதிரி) எடுக்கத் தேவையா என்று கேட்டுவிட்டு, எடுத்த பிறகு கொடுங்கள்.

“பொலிஸ் துண்டு எங்கே?”

வாவிக்கு அப்பால் உள்ள படுவான்கரையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவரைப் பொலிஸ் படிவமான அந்தத் துண்டைக் கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினால் அநேகமாக அவர் திரும்பி வரமாட்டார். சிகிச்சைக்குப் பொலிஸ் படிவம் தேவையில்லை. முதலில் உள்ளே எடுங்கள், படிவம் பிறகு வரும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும், 28 நாள் போட வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையும் பிந்தப் பிந்தப் பலன் குறையும்.

“காயமே இல்லையே”

பலருக்கு இருக்காது. அதை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள்.

உறவினரின் கேள்வி

“பிள்ளை பழுதாகிட்டுதா மிஸ்?” என்று வாசலில் நின்று கேட்பார்கள். கன்னித்தன்மையைக் காட்டும் பரிசோதனை என்று ஒன்று மருத்துவத்தில் கிடையாது, உலக சுகாதார நிறுவனமே 2018இல் அதைக் கைவிடச் சொல்லிவிட்டது. தாய் கேட்டாலும் சரி, மாமா கேட்டாலும் சரி, பதில் அதுதான்.

கையெழுத்து

சம்மதப் படிவத்தில் ஒருமுறை வைத்துவிட்டார் என்பதற்காக எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு பரிசோதனைக்கும் முன்னால் கேளுங்கள், நடுவில் வேண்டாம் என்றால் நிறுத்துங்கள்.

தடயம் போட்ட உறையை நக்கி ஒட்டாதீர்கள்

உங்கள் எச்சிலிலும் மரபணு இருக்கிறது. சிரிக்காதீர்கள், நான் செய்திருக்கிறேன்.